பள்ளிச் செயல்திட்டத்துக்கு 50 செ.மீ. கிளைடர்: வரைவு, கட்டுமானம், சோதனை

கோவையில் வார்ப்படச் சாலைகளுக்கு மர அச்சு செய்து கொடுக்கும் எங்கள் பேட்டர்ன் பட்டறைக்கு, அறிவியல் கண்காட்சி நெருங்கும் நாள்களில், உடைந்த கிளைடரோடு (இயந்திரம் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் மாதிரி விமானம்) சில பிள்ளைகள் வந்து நிற்பது வழக்கம். “மூக்கு குத்திக்கிட்டே போகுதுங்க, என்ன பண்ணியும் நேரா வரமாட்டீங்குது” என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. வாங்கிப் பார்த்தால் வேலைப்பாட்டில் பெரிய குறை எதுவும் இருப்பதில்லை. வேலைகளைச் செய்த வரிசையில்தான் குறை இருக்கும். எடை போடுவதற்கு முன்பே வண்ணம் பூசியிருப்பார்கள். ஈர்ப்பு மையத்தைப் பார்ப்பதற்கு முன்பே இறக்கையை உடலோடு ஒட்டியிருப்பார்கள். ஒரே நேரத்தில் மூன்று திருத்தங்களைச் செய்துவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி வரிசையைத்தான் முதன்மையாகப் பேசுகிறது. 8 முதல் 10-ஆம் வகுப்பு வரையுள்ள ஒரு மாணவர், கத்தி பிடிக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால், இதைத் தானே செய்து முடிக்கலாம்.

1. நாள்களைப் பங்கிடுதல்

கண்காட்சிக்குக் குறைந்தது 3 வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். வரைவதற்கும் பொருள் சேர்ப்பதற்கும் 4 நாள், கட்டுவதற்கு 5 நாள், மீதி முழுவதும் பறக்கவிட்டுத் திருத்துவதற்கும் அளப்பதற்கும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: 18 நாள் கட்டுகிறார்கள், கடைசி இரண்டு மாலைகளில் பறக்கவிடுகிறார்கள்.

சோதனைக்கு இத்தனை நாள் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் மேல்காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியையே நகர்த்தும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்றில் 37 கிராம் எடையுள்ள கிளைடரைச் சோதிக்க முடியாது. அந்த மாதங்களில் விடிந்து ஒன்றரை மணி நேரம்தான் காற்று ஓரளவு அடங்கியிருக்கும். அதுவும் எல்லா நாளும் கிடைக்காது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

இறக்கைக்கு 2 மி.மீ. பால்சா மரத்தகடு, வாலுக்கு 1.5 மி.மீ. தகடு, உடலுக்கு 6 மி.மீ. சதுரமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பைன் மர ரீப்பர். பால்சா பொழுதுபோக்கு மாதிரிப் பொருள்கள் விற்கும் கடைகளிலோ அஞ்சல் வழியாகவோ கிடைக்கும். பைன் மரத்துக்கு இயந்திரங்கள் கட்டிவரும் பழைய பெட்டிப் பலகை போதும், தச்சரிடம் கொடுத்தால் கிழித்துத் தருவார். ரீப்பரில் முடிச்சு இருக்கக் கூடாது.

பால்சாவை வாங்கும்போது எடை பார்த்து வாங்க வேண்டும். ஒரு கன செ.மீ. பால்சா 0.1 கிராமும் இருக்கலாம், 0.2 கிராமும் இருக்கலாம் என்பதால், ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளில் ஒன்று மற்றதைப் போல இருமடங்கு கனக்கக்கூடும். இலகுவானதை வாலுக்கும், சற்றுக் கெட்டியானதை இறக்கைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பால்சா கிடைக்காவிட்டால் தெர்மாகோல் தகட்டில் செய்யலாம். ஆனால் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பி.வி.சி. நுரைப்பலகையை எடுக்கவே கூடாது. பார்வைக்கு இலேசாகத் தோன்றும் அந்தப் பலகையில் 3 மி.மீ. கனத்துக்கு இந்த இறக்கையை வெட்டினால், இறக்கை மட்டுமே 60 கிராமை ஒட்டி நிற்கும். பால்சாவில் அது 13 கிராம்.

இவற்றோடு ஃபெவிகால், புது அலகு பொருத்திய பேப்பர் கட்டர், 120, 220 எண் உப்புத்தாள், எஃகு அளவுகோல், ரப்பர் வளையம், குண்டூசி, மூக்கு எடைக்காக 6 மி.மீ. போல்ட்டுக்கு உரிய சாதாரண வாஷர்கள் வேண்டும். அந்த வாஷர் ஒன்று ஏறத்தாழ 1 கிராம் எடையுள்ளது என்பதால் எண்ணிச் சேர்ப்பதும் எடுப்பதும் எளிது. அரைக் கிராம் வரை காட்டும் தராசு ஒன்றும் தேவை. தெரிந்த நகைப் பட்டறை இருந்தால் அங்கே போய் நிறுத்துக்கொள்ளலாம்.

ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை பால்சாவில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தெர்மாகோலைக் கரைத்து ஓட்டையாக்கிவிடும். பால்சாவிலும் கோண அமைப்பு மாறக்கூடாத இணைப்புகளுக்கு ஃபெவிகால்தான் ஏற்றது, ஏனெனில் அது காய்வதற்குள் நகர்த்திச் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

3. வரைவு: முதலில் இறக்கை, மற்றவை அதிலிருந்து

படத்தைப் பார்த்து அழகாக வரையத் தொடங்குவது தவறான தொடக்கம். இறக்கையின் அளவை முடிவு செய்தபின் வாலின் அளவு, உடலின் நீளம், எடை வைக்கும் இடம் ஆகிய எல்லாம் கணக்காகவே வந்துவிடும்.

இறக்கை: நீளம் 50 செ.மீ., அகலம் 8 செ.மீ., பரப்பு 400 ச.செ.மீ. முனை முதல் முனை வரை ஒரே அகலமாகச் செவ்வகமாகவே இருக்கட்டும். குறுகிச் செல்லும் இறக்கை பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இரு பாதிகளையும் ஒன்றுபோல் செய்வது கடினம், மேலும் இவ்வளவு சிறிய இறக்கையில் முனை மிகவும் குறுகினால் அந்த முனையே முதலில் தூக்குவிசையை இழந்து சாயும்.

கிடைவால்: இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 80 ச.செ.மீ. நீளம் 20 செ.மீ., அகலம் 4 செ.மீ. வால் எவ்வளவு பின்னால் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்கு தள்ளியுள்ள புள்ளியிலிருந்து, வாலில் அதேபோல் கால்பங்கு தள்ளியுள்ள புள்ளி வரை உள்ள தூரத்தை வால் பரப்பால் பெருக்கி, அதை இறக்கைப் பரப்பையும் இறக்கை அகலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் 0.5-க்கும் 0.6-க்கும் இடையே வர வேண்டும். தூரத்தை 24 செ.மீ. என்று வைத்தால், (80 × 24) ÷ (400 × 8) = 0.6. இதைவிட மிகக் குறைந்தால் கிளைடர் நிலைகொள்ளாமல் ஊசலாடும். மிகக் கூடினால் தேவையற்ற எடையைச் சுமக்கும்.

நிமிர்வால்: 6 × 6 செ.மீ., 36 ச.செ.மீ. இறக்கையில் 9 விழுக்காடு.

உடல்: 40 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் இறக்கையின் முன்விளிம்பு, 18-இல் பின்விளிம்பு, 35-இல் கிடைவாலின் முன்விளிம்பு, 39-இல் அதன் பின்விளிம்பு. மூக்கை 10 செ.மீ.க்குக் குறைத்துக்கொண்டால் உடல் இலேசாகும் என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் மூக்கு குட்டையானால் சமநிலைக்கு இன்னும் கூடுதல் எடையை அங்கே வைக்க வேண்டிவரும், மொத்தத்தில் கிளைடர் கனத்துத்தான் போகும்.

ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது ஏறத்தாழ 2.7 செ.மீ. தொலைவில் வர வேண்டும். இந்தப் புள்ளியை வரைவிலேயே சிவப்பு மையால் குறித்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சார்ட் தாளில் முழு அளவில் வரைய வேண்டும். சிறிய அளவில் வரைந்துவிட்டுப் பின்னால் பெருக்கும்போதுதான் பாதிப் பிழைகள் நுழைகின்றன. மேலும் முழு அளவு வரைவின் மேலேயே பாகங்களை வைத்துச் சரிபார்க்கலாம்.

4. வெட்டுதல்

பால்சாவின் இழை ஓடும் திசையைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இறக்கையிலும் கிடைவாலிலும் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். நிமிர்வாலில் மேல்கீழாக ஓட வேண்டும். இழை குறுக்காக ஓடும்படி வெட்டிய இறக்கை முதல் எறிதலிலேயே முறுக்குக் குச்சிபோல முறியும். தகட்டில் இடம் மிச்சப்படும் என்று குறுக்காக வெட்டுபவர்களை ஆண்டுக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

ஒரே அழுத்தில் வெட்டாமல், எஃகு அளவுகோலை அணைத்து, மெல்ல 3 அல்லது 4 முறை கத்தியை ஓட்ட வேண்டும். ஓங்கி அழுத்தினால் கத்தி இழையின் போக்கிலேயே விலகிப் போகும். இறக்கையை 25 செ.மீ. நீளமுள்ள இரண்டு பாதிகளாக வெட்டி இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். அரைக் கிராமுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கனமானதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்வது இப்போதே நடக்க வேண்டும். ஒட்டியபின் இந்த வாய்ப்புப் போய்விடும்.

5. இறக்கை

பொறுமை அதிகம் வேண்டியது இந்தப் பாகத்துக்குத்தான். தட்டையான தகடும் பறக்கும், ஆனால் மேல்புறம் சற்றே வளைந்த இறக்கை அதே வேகத்தில் கூடுதலாகத் தூக்கும். அதற்காக, ஒவ்வொரு பாதியின் அடியிலும் முன்பின்னாக ஒட்டுவதற்கு மும்மூன்று விலாக்களை 1.5 மி.மீ. தகட்டில் வெட்ட வேண்டும். விலாவின் நீளம் 8 செ.மீ., அடிப்பக்கம் நேர்கோடு. மேல்பக்கம் முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. தொலைவில் 3 மி.மீ. உயர்ந்து, இரு ஓரங்களிலும் சுழியாக முடியும். ஆறையும் ஒன்றாகக் குண்டூசியால் குத்திவைத்து ஒரே தடவையில் தேய்த்தால் ஆறும் ஒரே வளைவாக வரும். பேட்டர்ன் வேலையில் சோடிப் பாகங்களை நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

தகட்டின் மேல்முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால், ஈரம்பட்ட முகம் விரிந்து தகடு தானாகவே அந்தப் பக்கம் குவியும். அந்த நிலையில் விலாக்களின் மேல் ஒட்டி, விளிம்புகளைக் குண்டூசியால் பலகையோடு பிடித்து, ஓர் இரவு காயவிட வேண்டும். அடிமுகம் நனைந்தால் எதிர்ப்பக்கம் வளையும். ஒரு விலாவை இணைப்பு விளிம்பை ஒட்டிய அடிப்பகுதியிலும், ஒன்றை நடுவிலும், ஒன்றை முனையிலும் ஒட்ட வேண்டும். அடிவிலாவை மட்டும் இணைப்பு விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும், ஏனெனில் பின்னால் ஒட்டப்போகும் நடுப்பட்டிக்கு அங்கே இடம் வேண்டும்.

அடுத்தது இரு பாதிகளையும் மேல்நோக்கிய கோணத்தில் இணைப்பது. இந்தக் கோணம் இல்லாத கிளைடர் ஒரு பக்கம் சாய்ந்தால் மீளாது. கோணம் இருந்தால், சாய்ந்த பக்கமாகக் கிளைடர் நழுவத் தொடங்கியதும் தாழ்ந்த பாதிக்குத் தூக்குவிசை கூடி அதுவே நிமிர்ந்துகொள்ளும். கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லாத இந்தக் கிளைடருக்குப் பக்கத்துக்கு 8 பாகைக் கோணம் ஏற்றது.

கோணத்தை அளப்பதைவிட உயரத்தை அளப்பது எளிது. ஒரு பாதியின் இணைப்பு விளிம்பு மேசை ஓரத்தோடு பொருந்துமாறு வைத்து, முனையை 3.5 செ.மீ. உயர்த்தி, உப்புத்தாள் ஒட்டிய கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து அந்த விளிம்பைத் தேய்க்க வேண்டும். மற்றப் பாதியையும் அவ்வாறே தேய்த்தபின், ஒன்றை மேசையில் படுக்கவைத்து, மற்றதன் முனைக்கு அடியில் 7 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, நடுவில் ஃபெவிகால் தடவி ஒட்டினால், பிரித்துப் பார்க்கையில் பக்கத்துக்கு 3.5 செ.மீ. ஆகிவிடும். இணைப்புக்கு அடியில் ஒரு பால் கவரை விரித்துவைக்க வேண்டும். மறந்தால் இறக்கை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின், பழைய வேட்டியிலிருந்து 2 செ.மீ. அகலத்துக்குக் கிழித்த துணியை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து இணைப்பின் மேல்புறத்தில் ஒட்டினால் அந்த இடம் முறியாது.

கடைசியாக நடுப்பட்டி. 10 செ.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் உள்ள பால்சாப் பட்டியின் மேல்முகத்தை விலாவின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்து, இணைப்புக்கு அடியில் இரு அடிவிலாக்களுக்கும் இடையே ஒட்ட வேண்டும். முன்னும் பின்னும் 1 செ.மீ. துருத்திக்கொண்டிருக்கும் நுனிகளைத்தான் ரப்பர் வளையத்தால் உடலோடு கட்டப்போகிறோம்.

இறக்கையை உடலோடு ஒட்டவே கூடாது. நான் முதலில் செய்த இரண்டு கிளைடர்களை ஒட்டித்தான் கெடுத்தேன். ஒட்டிய இறக்கையை முன்பின் நகர்த்த முடியாது, கோணத்தை மாற்ற முடியாது, மோதும்போது கழன்று விழுந்து தப்பவும் முடியாது.

6. வாலும் உடலும்

ரீப்பரை இறக்கைக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் மெல்லச் சீவி, வால் நுனியில் 4 மி.மீ. ஆக்க வேண்டும். வால் பக்கம் எடையைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 24 செ.மீ. பின்னால் இருக்கிறது, மூக்கு எடை 11.5 செ.மீ. முன்னால்தான் இருக்கிறது. எனவே வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 2 கிராம் வைத்தாக வேண்டும். ஒரு கிராம் சோம்பல் 3 கிராமாகிவிடும். வாலுக்கு வண்ணம் பூச வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பளிச்சென்று தெரிய வேண்டுமானால் பேனா மையால் இரண்டு கோடுகள் போடலாம்.

கிடைவாலை உடலின் மேல் தட்டையாக, உடலுக்குச் சரியான செங்கோணத்தில் ஒட்ட வேண்டும். மூக்கு நுனியில் குத்திய ஊசியிலிருந்து ஒரு நூலைக் கட்டி, கிடைவாலின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கோணல் இருந்தால் தெரிந்துவிடும். நிமிர்வாலை அதன்மேல் நடுவில், மூக்கை நேராகப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும்.

மூக்கு நுனியில் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டை ஒட்டிவிடுவது கட்டாயம். கூர்மையான மரமூக்கு யார் கண்ணிலாவது படக்கூடும்.

7. எறிவதற்கு முன் மேசையில் நான்கு சோதனைகள்

இவற்றை முடிக்காமல் மைதானத்துக்குப் போனால், அங்கே காணும் கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலாவது, முறுக்கம். கிளைடரைக் கை நீட்டிப் பிடித்து, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். இரு பாதிகளின் பின்விளிம்பும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு பாதியின் பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் அந்தப் பாதி அதிகம் தூக்கி, கிளைடரை எதிர்ப்பக்கம் சாய்க்கும். இட்லிச் சட்டியில் எழும் ஆவியில் அந்த இடத்தைச் சில நொடிகள் காட்டி, எதிர்த்திசையில் மெல்ல முறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் நேராகும். ஆவியில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க இறக்கையின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். இணைப்புப் பக்கம் ஆவி படக் கூடாது, ஃபெவிகால் இளகிவிடும்.

இரண்டாவது, கோணம். நடுப்பட்டியின் முன்னுனிக்கு அடியில் 3 மி.மீ. தடிமனுக்கு அட்டை வைத்து ரப்பரால் கட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு மிகவும் வசதி, ஏறத்தாழ 0.3 மி.மீ. அட்டை என்றால் 10 துண்டு. 8 செ.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. உயர்வு என்பது இறக்கைக்கும் வாலுக்கும் இடையே 2 பாகை வேறுபாட்டைத் தருகிறது.

மூன்றாவது, ஈர்ப்பு மையம். இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 2.7 செ.மீ. தொலைவில் இருபுறமும் குறியிட்டு, அந்தக் குறிகளில் இரு விரல் நுனிகளை வைத்துத் தூக்க வேண்டும். உடல் கிடையாக நிற்கும்வரை மூக்கில் வாஷர்களைச் செலோடேப்பால் ஒட்டிச் சேர்க்க வேண்டும். இந்த அளவுகளில் ஏறத்தாழ 12 வாஷர்கள் பிடிக்கும், மொத்த எடை 37 கிராமை ஒட்டி வரும். 20 வாஷருக்கு மேல் தேவைப்பட்டால் வால் கனத்துவிட்டது என்று பொருள். மூக்கில் மேலும் அடுக்காமல் வாலைத் தேய்க்கப் போக வேண்டும்.

நான்காவது, பக்கச் சமநிலை. மூக்கையும் வாலையும் விரலில் தாங்கிப் பிடித்தால் எந்த முனை கனமோ அது தாழும். எதிர் முனையில் ஒரு குண்டூசியைக் குத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

8. இடமும் நேரமும்

தரை மென்மையாக இருக்க வேண்டும். புல் வளர்ந்த பள்ளி மைதானம் நல்லது. கடலைக்காய் பறித்து முடித்த காடு அதைவிட நல்லது. காங்கயம், தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆடு மேய்ந்து முடித்த கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) கிடைக்கும். கிளுவை வேலியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், முள்ளில் சிக்கிய இறக்கை முழுதாகத் திரும்பாது.

காட்டில் சோதிப்பவர்கள் முதலில் கிணறு எங்கே இருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். மேலே பார்த்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்குச் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு கண்ணில் படாது. மின்கம்பியில் கிளைடர் சிக்கினால் அதை மறந்துவிட வேண்டும். குச்சியால் தட்டி எடுக்க முயலக் கூடாது. சூலூர் விமானப்படைத் தளம், பீளமேட்டு விமான நிலையம் ஆகியவற்றின் அருகிலும் பறக்கவிட வேண்டாம்.

விடியற்காலை 6 முதல் 7.30 வரைதான் நேரம். ஒரு முழ நூலைக் குச்சியில் கட்டி நட்டுவைத்து, நூல் தொங்கியபடியே இருந்தால் எறியலாம். கிடையாகப் பறந்தால் வீடு திரும்பலாம். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று கிளைடரைத் தூக்கும். அது பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அளவீட்டைக் கெடுக்கும்.

9. முதல் எறிதல்

எறிதல் என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தருகிறது. இந்தக் கிளைடர் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில்தான் சறுக்கும். அது ஒரு பிள்ளை ஓடும் வேகம். கல்லை வீசுவதுபோல் வீசினால் அதன் இயல்பான வேகத்தைப் போல இருமடங்கு கிடைத்து, மூக்கை மேலே தூக்கி ஏறி, நின்று, விழும்.

ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் உடலைப் பிடித்து, தோளுயரத்தில், மூக்கை மிகச் சிறிதளவு கீழே நோக்கி வைத்து, 10 மீட்டர் தொலைவில் தரையில் ஓர் இடத்தைக் குறிவைக்க வேண்டும். அதை நோக்கி ஐந்தாறு அடி ஓடி, கை கனம் இழப்பதை உணரும்போது விட்டுவிட வேண்டும். சிறிதளவு காற்று இருந்தால் அதற்கு எதிராகவே விட வேண்டும். ஐந்து முறை விடும்வரை எதையும் திருத்தக் கூடாது, ஏனெனில் முதல் ஐந்திலும் பிழை பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.

10. திருத்தம்

பெரும்பாலோர் வழிதவறும் இடம் இது. விதி இரண்டுதான்: ஈர்ப்பு மையத்தைக் குறியிலேயே வைத்துக்கொண்டு, கோணத்தை அட்டையால் திருத்த வேண்டும், ஒரு முறைக்கு ஒரே ஓர் அட்டை.

மூக்கு மேலே எழுந்து, வேகம் குறைந்து, திடீரெனக் கீழே குத்தி, மறுபடி எழுந்து அலையலையாகப் போனால் அது ஸ்டால். ஆனால் அட்டையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: அதிக வேகத்தில் விட்டதால் எழுந்ததா, கோணம் கூடியதால் எழுந்ததா? மெதுவாக விட்டுப் பார்த்தால் விடை தெரியும். மெதுவாக விட்டபோது எழவில்லையென்றால் குறை கையில். அப்போதும் அலைபாய்ந்தால் ஓர் அட்டையை எடுக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் மூக்கில் எடையை ஏற்றிக்கொண்டே போய், கிளைடரைக் கல்லாக்கிவிடுகிறார்கள்.

அலைபாயாமல் நேராக, வேகமாகத் தரையை நோக்கிப் போனால் ஓர் அட்டையைச் சேர்க்க வேண்டும். பட்டறைக்கு வரும் “மூக்கு குத்துதுங்க” புகாரில் பாதி இதுதான். மீதிப் பாதி, ஸ்டால் ஆகிக் குத்துவதைக் குத்துவதாக மட்டுமே பார்த்தது. குத்துவதற்கு முன் மூக்கு எழுந்ததா என்று ஒருவர் பக்கவாட்டில் 15 மீட்டர் தள்ளி நின்று கவனித்தால் குழப்பம் இருக்காது. விடுபவரின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

எடையைக் குறைத்து ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குக் கொண்டுபோனாலும் மூக்கு குத்துவது நிற்கும். அப்படியிருக்க அட்டையை ஏன் வலியுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகப் போகக் கிளைடரின் நிலைத்தன்மை குறைகிறது. அமைதியான காற்றில் நன்றாகப் பறந்தது சிறு காற்றலை பட்டதும் மீளாமல் விழும். மூன்றில் ஒரு பங்கு என்ற குறி அந்த ஆபத்திலிருந்து போதிய தொலைவில் இருக்கிறது.

ஒரு பக்கமாகத் திரும்பினால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: முறுக்கம், பக்க எடை, இறக்கை உடலில் கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பது. மூன்றும் சரியாக இருந்தும் இடப்பக்கம் திரும்பினால், நிமிர்வாலின் பின்விளிம்பில் வாயால் ஊதி ஈரமாக்கி, வலப்பக்கமாக ஒரு மி.மீ. வளைக்கலாம். நிமிர்வாலை முதலில் வளைப்பது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலைத் தணிப்பதுபோல. முறுக்கம் அப்படியே இருக்க, வேகம் மாறும்போதெல்லாம் கிளைடர் வேறு வேறு பக்கம் போகும்.

செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் நான்காவது மாற்றத்தில் முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

11. அளவீடு

தோளுயரம் 1.5 மீட்டரிலிருந்து விட்ட கிளைடர் 9 மீட்டர் போய்த் தரை தொட்டால், சறுக்கு விகிதம் 9 ÷ 1.5 = 6. நன்கு திருத்தப்பட்ட இந்த அளவுக் கிளைடர் 5 முதல் 7 வரை தரும்.

20 என்று எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது பொய்யல்ல, கணக்குத் தவறு. நொடிக்கு 5 மீட்டரில் விட வேண்டியதை 6 மீட்டரில் விட்டால், கூடுதல் இயக்க ஆற்றல் அரை மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்துக்குச் சமம், அதாவது 1.5 மீட்டர் உயரத்தை மறைமுகமாக 2 மீட்டருக்கு மேல் ஆக்கிவிடுகிறது. எனவே ஒரே ஆள், ஒரே ஓட்டத்தில் விட வேண்டும். விட்டபின் கை உயரத்துக்கு மேலே எழுந்த பறத்தலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த விதியைத் தொடங்கும் முன்பே எழுதிவைத்து, விலக்கிய பறத்தல்களின் எண்ணிக்கையையும் அறிக்கையில் காட்ட வேண்டும்; பிடிக்காத எண்களைப் பின்னால் விலக்குவது அளவீடு ஆகாது.

தூரத்தை நாடாவால் அளப்பது எளிது. நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளந்தால் பிழை மிகுதி: மொத்தப் பறத்தலே 1.8 நொடிதான், விரல் அழுத்துவதில் 0.2 நொடி தவறினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கைப்பேசியில் காணொளி எடுத்து, நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் படங்களை எண்ணினால் நம்பலாம்.

ஒவ்வொரு நிலைக்கும் 10 பறத்தல் எடுத்து, சராசரியோடு மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் எழுத வேண்டும். எதைச் சோதிப்பது என்பதற்கு என் பரிந்துரை எடை. ஈர்ப்பு மையக் குறியின் நேர் மேலே உடலில் 5, 10, 20 கிராம் சேர்த்துப் பறக்கவிட்டால், எடை கூடினால் தூரம் குறையும் என்று எதிர்பார்க்கும் மாணவருக்கு வியப்பு காத்திருக்கிறது: அமைதியான காற்றில் சறுக்கு விகிதம் பெரிதாக மாறாது, வேகம்தான் கூடும். 37 கிராமை 57 கிராமாக்கினால் இயல்பு வேகம் ஏறத்தாழ கால்பங்கு கூடுவதால் விடும் வேகத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். பழைய வேகத்திலேயே விட்டுவிட்டுத் தூரம் குறைந்ததாக எழுதுவது இந்தச் சோதனையில் வழக்கமாக நேரும் பிழை.

ஈர்ப்பு மையத்தை நகர்த்திச் சோதிக்க விரும்பினால், ஒவ்வொரு நிலையிலும் அட்டையை மறுபடி திருத்தியபின் அளந்தார்களா, திருத்தாமலே அளந்தார்களா என்பதை அறிக்கையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு சோதனைகள்; விடைகளும் வேறு.

12. கண்காட்சிக்கு எடுத்துச்செல்லுதல்

இறக்கையைக் கழற்றி, செய்தித்தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனது முழுதாகப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. அட்டைத் துண்டுகளை எண்ணி, நடுப்பட்டியின் இடத்தை உடலில் பேனாவால் குறித்துவைத்தால் அங்கே மறுபடி கட்டுவது ஒரு நிமிட வேலை. மழைநாளாக இருந்தால் பால்சா ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும் என்பதால், கண்காட்சி அறையில் பெட்டியைத் திறந்ததும் 7-ஆம் பகுதியிலுள்ள நான்கு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். உடைந்த பழைய இறக்கையையும், அடித்துத் திருத்திய நோட்டையும் மேசையில் பக்கத்திலேயே வைக்கலாம். நடுவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள்.